நாலாம் வகுப்பில் என்ன இருக்கிறது?

“நாலாங் கிளாஸ்தானே சாமி, அதுல என்ன இருக்கு?” கரிசல் சீமையில் பங்குப் பொறுப்போடு பள்ளித் தாளாளர் பொறுப்பையும் சுமக்கும் குருக்களில் இந்தக் கேள்வியைக் கேளாதவர் அரியர். ஊர்க்கொடைக்கும் உறவினர் கலியாணத்துக்குமாகப் பிள்ளையைப் பத்து நாள் நிறுத்திக்கொண்டு, பதினோராம் நாள் பள்ளிக்கு அழைத்து வரும் பெற்றோர் சொல்லும் சமாதானம் அது. முதல் வகுப்பில் சேர்க்கும்போது வீட்டில் ஓர் ஆரவாரம் இருக்கிறது. புதுப்பை, புதுச்சட்டை, ஆசிரியருக்கு மிட்டாய். பத்தாம் வகுப்பு வந்துவிட்டாலோ வீடே தவக்காலம் அனுசரிக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டிக்குத் துணி போர்த்திவிடுகிறார்கள். இடையிலே கிடக்கும் நான்காம் வகுப்பைக் கேட்பார் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை தானே குளிக்கிறது, தானே தலை சீவுகிறது, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறது. இனி அதைப்பற்றிக் கவலை இல்லை என்று பெற்றோர் எண்ணிவிடுகின்றனர்.

ஆனால், கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என விரிந்து கிடக்கும் இந்தக் கரும்பூமியில் நான்காம் வகுப்பு ஒரு வேலியாக நின்ற காலம் உண்டு. நம் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டிப் பாருங்கள். பள்ளியை விட்டு விலகிய வகுப்பைக் குறிக்கும் பத்தியில் நான்கு, ஐந்து என்னும் எண்கள் அடிக்கடி கண்ணில் படும். வேலிக்கு அப்பால் நின்றது தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலை என்று நம் மக்கள் சொல்வதில்லை. ஆபீஸ் என்றே சொல்வர். அந்தச் சொல்லில் ஒரு கௌரவம் இருக்கிறது. அதற்குள்ளே ஒரு கசப்பும் இருக்கிறது.

இத்தொழில் இங்கே வேர்விட்ட வரலாறு பலரும் அறிந்ததே. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். மற்ற மாதங்களில் காய்கிற வெயில். பயிருக்குக் கேடான இந்த வறட்சியே தீக்குச்சியை உலர்த்த வாய்ப்பாயிற்று. சிவகாசியிலிருந்து சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் தொழில் பரவியது. மானாவாரிக் குடும்பத்துக்கு அது கஞ்சி ஊற்றியது என்பதை மறுப்பது நன்றிகெட்ட செயல். எனினும், குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் மெல்லிய விரல்களே தோதாக இருந்தன. விடியுமுன்னே ஊர் ஊராய் வந்து நின்ற பேருந்துகளில் பல்லாயிரம் சிறுவர் சிறுமியர், பெரும்பாலும் சிறுமியர், அரைத்தூக்கத்தில் ஏறினார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சிவகாசிச் சிறுவர்களைப் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்து, வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் நிதியாகச் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. 2010 ஏப்ரல் முதல் கல்வி உரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது. இயந்திரங்களும் வந்தன. அந்த அதிகாலைப் பேருந்துகளின் காலம் இன்று மலையேறிவிட்டது.

போகாமல் இருப்பது வேறொன்று. “அதுக்குப் படிப்பு ஏறலை, சாமி” என்னும் வாக்கியம். அக்காலத்தில் பிள்ளையை ஆபீசுக்கு அனுப்பும் முன்பு வீட்டில் உச்சரிக்கப்பட்ட தீர்ப்பு அதுவே. வறுமை காரணமாயிருந்தது உண்மை. ஆனால் நான்கு பிள்ளைகளில் எதை அனுப்புவது என்று வந்தபோது, படிப்பு ஏறாத பிள்ளையே முதலில் போயிற்று. அந்தத் தீர்ப்பு எந்த வகுப்பில் எழுதப்படுகிறது? ஒன்றாம் வகுப்பில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நான்காம் வகுப்பில்தான் சொல்லத் தொடங்குகிறார்கள். ஏன் என்பதை ஆராய்ந்தால், அந்த வகுப்பில் என்ன இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

முதல் மூன்று ஆண்டுகளில் பிள்ளை எழுத்தைக் கற்கிறது, சொல்லைக் கற்கிறது, சிறு வாக்கியத்தைக் கற்கிறது. கூர்ந்த நினைவுடைய பிள்ளை இம்மூன்று ஆண்டுகளையும் படிக்கத் தெரியாமலே கடந்துவிட முடியும்! ஆசிரியர் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்துகொள்ளும். பாடப்புத்தகத்தின் படத்தைப் பார்த்த அளவில் கீழே உள்ள வரிகளை ஒப்பித்துவிடும். விரலை வரியின்மேல் வைத்துக்கொண்டு கண்ணைக் கூரையில் வைத்திருக்கும் பிள்ளைகளை நம் ஆசிரியைகள் நன்கறிவர். நான்காம் வகுப்பில் இந்த வித்தை செல்லாது. பாடம் நீள்கிறது. தமிழ் வகுப்பில் கற்ற வாசிப்பைக் கொண்டு அறிவியலைப் படிக்க வேண்டியிருக்கிறது, சமூக அறிவியலைப் படிக்க வேண்டியிருக்கிறது. கணக்கும் வெறும் எண்ணாக வராமல் நான்கு வரிக் கதையாக வருகிறது. இதுகாறும் கற்க வேண்டிய பொருளாயிருந்த வாசிப்பு, இப்போது மற்றவற்றைக் கற்பதற்கான கருவியாகிவிடுகிறது. கருவி கைவராத பிள்ளை எல்லாப் பாடங்களிலும் ஒரே நாளில் பின்தங்குகிறது. பெற்றோர் கண்ணுக்கு அது மந்தபுத்தியாகத் தோன்றுகிறது. உண்மையில் அதற்கு ஒரே ஒரு குறைதான்: தானே படிக்க வரவில்லை.

இதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். பாடப்புத்தகத்தை மூடி வையுங்கள். மளிகை பொட்டலம் கட்டிவந்த செய்தித்தாளின் ஒரு பத்தியையோ, ஞாயிறு வாசகத்தையோ கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு, யார் வந்தார், எங்கே போனார், ஏன் போனார் என்று கேளுங்கள். வாய்விட்டு வேகமாகப் படித்த பிள்ளை விடை சொல்லத் தெரியாமல் விழித்தால், அது எழுத்துக்கூட்டும் அளவிலேயே நிற்கிறது என்று அறியலாம்.

எழுத்தைப்பற்றி ஒரு சிறு செய்தி. நம் பிள்ளைகள் ‘எ’ என்னும் குறிலையும் ‘ஏ’ என்னும் நெடிலையும் வேறுபடுத்தி எழுதுகிறார்கள். கெ, கே என்று ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடுகிறார்கள். ஏட்டுச்சுவடிக் காலத்தில் இந்த வேறுபாடு புள்ளியால் காட்டப்பட்டது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் பலரும் அதை விட்டுவிட, படிப்பவர் இடம் நோக்கி ஊகிக்க வேண்டியிருந்தது. இத்தடுமாற்றத்தை நீக்கி இப்போதைய வடிவங்களை வகுத்தவர் வீரமாமுனிவர். 1711-இல் தமிழகம் வந்த அவர் தம் தொடக்க காலத்தில் பணிபுரிந்த தலங்களுள் ஒன்று, கோவில்பட்டிக்கு அணித்தே உள்ள காமநாயக்கன்பட்டி. விண்ணேற்பு அன்னையின் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் வண்டி கட்டிக்கொண்டு போகும் நம் குடும்பங்களுள் எத்தனை பேர் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? தாத்தா பாட்டிமார் எழுதிய கடிதங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘லை’, ‘னை’ ஆகியவற்றுக்குத் துதிக்கை போல் வளைந்த கொம்பு இருந்ததைப் பிள்ளைகள் கண்டு வியப்பார்கள். வியக்கும் பிள்ளை படிக்கும்.

கணக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பில் பெருக்கலும் வகுத்தலும் வளர்கின்றன. பின்னம் என்னும் புதுமையில் பிள்ளை நன்றாகவே கால் வைக்கிறது. பின்னத்தில் மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைக்குச் சங்கடமே மிஞ்சும். கோவில்பட்டிப் பிள்ளைக்கோ இதற்கு வேறு வழி இருக்கிறது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்க் கடலை மிட்டாயை ஒரு பாளமாக வைத்து, எட்டுத் துண்டாக்கி, மூன்றைத் தின்றால் மீதி எவ்வளவு என்று கேட்டுப்பாருங்கள். எட்டில் ஐந்து என்று சொல்லும் வாய் இனிக்கிறது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த நம் முன்னோர் எட்டில் ஒன்றை அரைக்கால் என்றும், பதினாறில் ஒன்றை மாகாணி என்றும், முந்நூற்றிருபதில் ஒன்றை முந்திரி என்றும் நாவில் வைத்திருந்தனர். கணக்கு நம் மண்ணுக்கு அந்நியமானதன்று.

இன்னொரு கணக்கும் உண்டு. தீப்பெட்டி வணிகத்தில் ஒரு பண்டல் என்பது 600 பெட்டி. பெட்டிக்கு 50 குச்சி என்று கொண்டால் ஒரு பண்டலில் எத்தனை குச்சி? நான்காம் வகுப்புப் பிள்ளை ஆறையும் ஐந்தையும் பெருக்கி, சுன்னங்களைச் சேர்த்து, 30,000 என்று சொல்லிவிடும். 2021 டிசம்பரில் பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானதே, அப்படியானால் ஒரு பண்டலைச் சில்லறையில் விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டால், 1,200 ரூபாய் என்றும் சொல்லும். இது எளிய கணக்கு. ஆனால் இதே ஊரில், இதே வயதில், அந்த முப்பதாயிரத்தையும் ஒவ்வொன்றாய்ச் சட்டத்தில் அடுக்கி, அது முப்பதாயிரம் என்று அறியாமல், மேஸ்திரி எழுதிய எண்ணை நம்பிக் கூலி வாங்கிப் போன பெண்கள் இன்று நம் பிள்ளைகளுக்குப் பாட்டிமாராய் இருக்கிறார்கள். பேத்தி அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும்போது அவர்கள் முகத்தைக் கவனிக்க வேண்டும்.

அறிவியலுக்கு வருவோம். மண், நீர், செடி, உணவு, உடல் என்று தொடக்கப்பள்ளி அறிவியல் பேசும் பொருள்கள் எல்லாம் பள்ளியின் வேலிக்கு வெளியே கிடக்கின்றன. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் காலைக் கவ்விக்கொள்ளும் கரிசலை விடச் சிறந்த பாடப்பொருள் ஏது? நீரை உண்டு உப்புவதும், வெயிலில் சுருங்கிப் பிளப்பதும், ஈரத்தை அடியிலே சேமித்து வைத்துப் பருத்திக்கு மாசி பங்குனி வரை ஊட்டுவதும் அம்மண்ணின் இயல்பு. 1901 முதல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது; அது வெளியிட்ட பருத்தி இரகங்களுக்கு ஊரின் முதலெழுத்தாகிய ‘கே’ என்பதே பெயர்க்குறி. நம் பிள்ளைகளில் பலர் அதன் மதிலைக் கண்டிருக்கிறார்கள், உள்ளே போனதில்லை.

சமூக அறிவியலில் ஐவகை நிலங்கள் வருகின்றன: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. எல்லாவற்றையும் ஒப்பித்த பிறகு, “நம்ம ஊர் இதுல எது, டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டால் ஆசிரியை என் செய்வார்? மலை இல்லை, காடு இல்லை, வயல் இல்லை, கடல் இல்லை. பாலை என்று சொல்ல மனம் வருமா? இந்த நிலத்துக்குத் தனி முகம் உண்டு என்று நிலைநாட்டியவர் அருகிலுள்ள இடைசெவல் ஊரில் பிறந்த கி. ராஜநாராயணன். 1982-இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். அவர் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர்தாமே, பிறகு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவில்லையா என்று சில தந்தையர் என்னிடம் வாதிடுவதுண்டு. உண்மைதான். ஆனால் அவர் விட்டது பள்ளியையே, வாசிப்பை அன்று. அதே இடைசெவலில் கு. அழகிரிசாமி என்னும் நண்பரோடு சேர்ந்து புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தவர் அவர்.

இனி, பசியைப்பற்றிப் பேசாமல் படிப்பைப்பற்றிப் பேசலாகாது. காமராசர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த எட்டயபுரம் இந்த வட்டாரத்துக்கு உட்பட்டதே. பின்னர் 1982-இல் சத்துணவுத் திட்டமாக அது விரிந்தது. 2022-இல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவு தொடங்கியபோது, உதவிபெறும் பள்ளிகளாகிய நமக்கு அது உடனே கிட்டவில்லை. ஒரே தெருவில் அரசுப் பள்ளிப் பிள்ளை உப்புமா உண்டுவிட்டு வர, நம் பள்ளிப் பிள்ளை வெறும் வயிற்றோடு வந்து முதல் மணி வகுப்பில் சுருண்டது. 2024 சூலை 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், ஊரகத்து உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் அத்திட்டம் நீட்டிக்கப்பட்டது. மறு ஆண்டில் நகர்ப்புறத்துக்கும் வந்தது. முதல் மணி வகுப்பில் கணக்கு வைக்கலாமா கூடாதா என்னும் விவாதம் அதோடு தீர்ந்துவிட்டதாக ஆசிரியைகள் சொல்கிறார்கள்.

ஆர்.சி. பள்ளியில் இவற்றுக்குமேல் என்ன என்று வினவலாம். பாடப்புத்தகத்தில் வேறுபாடு இல்லை. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்தும் அரசு வெளியிடும் புத்தகங்களே. 2019-இல் வந்த புத்தகங்கள், மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டவை. ஆசிரியர் ஊதியம் அரசினுடையது. கட்டடமும் நிர்வாகமும் நம்முடையவை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டத்தின் கணக்கு. ஆகவே சிற்றூர்களில் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில், ஒரே ஆசிரியையின் கீழ் அமர்ந்திருக்கும். இதைக் குறையாகவே எல்லோரும் பேசுகிறார்கள். தேர்ந்த ஆசிரியையின் கையில் இது குறையன்று. ஐந்தாம் வகுப்புக்கு நடக்கும் பாடம் நான்காம் வகுப்பின் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

வேறுபாடு இருப்பது மறைக்கல்வியிலும் நன்னெறியிலும். நம் பள்ளிகளில் பயில்வோரில் பெரும்பாலோர் பிற சமயத்துப் பிள்ளைகள். அரசின் உதவி பெறும் பள்ளியில், பெற்றோரின் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் சமயப் போதனையில் அமர்த்தலாகாது என்பது அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு. அதைச் சட்டத்துக்கு அஞ்சி மட்டும் நாம் கடைப்பிடிப்பதில்லை. மனச்சாட்சியின் சுதந்திரம் திருச்சபை தானே போதிக்கும் உண்மை. ஆதலின் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் மணியில் மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் அமர்கிறார்கள்.

நம் பங்குகள் பலவற்றிலும் நான்காம் வகுப்பை ஒட்டியே புதுநன்மைக்கு ஆயத்தம் நடைபெறுகிறது. 1910-ஆம் ஆண்டு பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், புத்தி விவரம் அறிந்த பிள்ளைக்கு நற்கருணையைத் தாமதிக்கலாகாது என்று கட்டளையிட்டார். அதற்குமுன் பல நாடுகளில் பன்னிரண்டு, பதினான்கு வயது வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியிருந்தது. மணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டி, தமிழில் செபங்களைச் சொல்லிக்கொடுத்து, அச்சிறுவர்களையே வீட்டாருக்கு ஆசிரியராக அனுப்பிய புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-இல். தமிழ் எழுத்தில் இம்மண்ணில் அச்சேறிய முதல் நூலாகிய தம்பிரான் வணக்கமும் (1578) மறைக்கல்விக்காகவே அச்சிடப்பட்டது. அந்த நெடிய வரிசையில் ஒரு கண்ணி இந்த நான்காம் வகுப்பு. உபதேசியாரின் பிரம்புக்கு அஞ்சிச் சின்னக் குறிப்பிடத்தைத் தலைகீழாக ஒப்பித்த தலைமுறை நம்முடையது. இன்றைய பிள்ளைகள் அவ்வளவு ஒப்பிப்பதில்லை, ஆனால் கேள்வி கேட்கிறார்கள். பள்ளிக்கு வரும் வழியில் அடுத்தவர் புஞ்சையில் நாலு பாசிப்பயற்று நெற்றைப் பறித்துத் தின்றால் அது களவா என்று பாவசங்கீர்த்தனத்துக்குமுன் ஒரு பிள்ளை கேட்க, நாலுக்குக் களவில்லை, மடி நிறையப் பறித்தால்தான் களவு என்று இன்னொரு பிள்ளை தீர்ப்புச் சொல்ல, வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடிற்று. அறநெறி இறையியலில் குருமடத்தில் நான் கற்ற வேறுபாடுகள் அனைத்தும் அரை மணியில் அங்கே வந்து போயின.

நன்னெறி வகுப்பின் பொருள் அதைவிடக் கடினமானது. 2023 ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில், பள்ளி மாணவர்கள் தங்கள் உடன்பயின்ற தாழ்த்தப்பட்ட மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினர். அரசு அமைத்த நீதியரசர் சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. மாணவர் கைகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. வெட்டியவர்கள் பெரிய வகுப்பு மாணவர்கள், நம் சிறுவர்களுக்கு அதில் என்ன என்று கேட்கலாம். எந்த வண்ணம் யாருக்கு உரியது என்பதைப் பிள்ளை எந்த வயதில் கற்கிறது? பள்ளி அதைக் கற்பிப்பதில்லை. அண்ணன் கையைப் பார்த்து, தெருமுனைக் கொடிக்கம்பத்தைப் பார்த்து, ஒன்பது பத்து வயதில் கற்றுக்கொள்கிறது. இரண்டாம் வகுப்பில் எவரிடமும் தண்ணீர் வாங்கிக் குடித்த பிள்ளை, நான்காம் வகுப்பில் ஒரு நாள் குடிக்காமல் நின்றால், அது தானாக நின்றதன்று. வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பூசைக்கு வரும் வீடுகளிலும் அது சொல்லப்படுகிறது என்பதை நான் எழுதாமல் விடுவதற்கில்லை. இந்த ஒரு பாடத்தில் பள்ளியும் வீடும் எதிர்க்கட்சியாக நின்றால் வெல்வது பெரும்பாலும் வீடே.

பெருந்தொற்றின் பாதிப்பையும் கூற வேண்டும். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைக் காணாமலே இரண்டாம் வகுப்புக்கு வந்தனர். அவர்கள் நான்காம் வகுப்பை அடைந்த 2023-இல், எண்ணும் எழுத்தும் திட்டம் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அமர்த்திக் கற்பிக்கும் முறை அது. என் பிள்ளை நான்காம் வகுப்பாயிற்றே, ஏன் அரும்பில் இருக்கிறது என்று சண்டைக்கு வந்த தாய்மார் உண்டு. சினம் கொள்ளற்க, அந்தப் பிள்ளைக்கு இன்னும் எழுத்தில் துணை வேண்டும் என்று யாரோ ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதே அதன் பொருள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் தேக்கி வைக்காத முறை நம் மாநிலத்தில் நடைபெறுகிறது. அம்முறையை நான் வரவேற்கிறேன். பழைய பெயில் முறையால் படிப்பை விட்டவர்கள் நம் தெருவெல்லாம் இருக்கிறார்கள். ஆனால் தேர்ச்சி அட்டையைப் பார்த்துப் பிள்ளைக்குப் படிக்க வருகிறது என்று முடிவு கட்ட இயலாது.

வண்டி வைத்து அழைத்துப்போகும் ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளைகள் போய்விடுவதைப்பற்றியும் கேட்கிறீர்கள். போகட்டும், தாய்தந்தையர் விருப்பம் அது. கொடியேற்றத்துக்கு முதல் ஆளாய் வந்து நிற்கும் குடும்பங்களின் பிள்ளைகளே கோவிலை ஒட்டிய பள்ளியில் இல்லாதபோது சற்று வருத்தம் உண்டு, அவ்வளவே. அங்கே படித்தாலும் இங்கே படித்தாலும், தமிழில் தானே வாசிக்க வராத பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் தானே வாசிக்க வருவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

தை பிறந்தால் உளுந்தும் பாசியும் எடுக்கும் வேலை வரும், மாசியில் பருத்தி வெடிக்கும். வீட்டில் எல்லாக் கையும் தேவைப்படும் மாதங்கள் அவை. மூன்றாம் பருவப் பாடங்கள் நடப்பதும் அம்மாதங்களில்தான். பின்னமும் வகுத்தலும் நடந்துகொண்டிருக்கும்போது பத்து நாள் விட்ட பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு வேறிடத்துக்குப் போயிருக்கும். சனி ஞாயிறு புஞ்சைக்குக் கூட்டிப் போங்கள், தவறில்லை. எடுத்த பருத்தியை நிறுக்கும்போது தராசை அதன் கையில் கொடுங்கள். திங்கட்கிழமை பள்ளியில் இருக்கட்டும்.

வாரத்தில் ஒரு மாலை, அடுப்பு வேலை முடிந்தபின், பிள்ளையின் நோட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் வாங்கலாம். சிவப்பு மை எங்கே மிகுந்திருக்கிறது, எந்தப் பக்கங்கள் வெறுமையாய் இருக்கின்றன என்று காண எழுத்தறிவு வேண்டியதில்லை. பிறகு நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அது ஆசிரியை திருத்தாத பக்கம். பிள்ளை தானாக எதையேனும் எழுதியிருந்தால் அங்கேதான் எழுதியிருக்கும். அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.